தைத்து மூடிய எட்டுப் பக்கங்கள்

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு, பார்மாவிலிருந்து வந்த பஸ் கஸ்தெல்குவார்தோ சதுக்கத்தில் இரண்டு பெண்களை இறக்கிவிட்டுப் போனது. மூன்று மணிக்கே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தாலியின் போ நதிக்கரை ஊர்களில் நவம்பர் பிறந்துவிட்டால் சூரியனை யாரும் எதிர்பார்ப்பதில்லை. வாய்க்காலிலிருந்து எழுந்து வரும் மூடுபனி சதுக்கத்தில் உட்கார்ந்தால் பிப்ரவரி வரை நகராது. எதிரே இருந்த நாடக அரங்கின் தூண்கள் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தன. மேற்பாதி இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

மூத்தவள் நெரீனா. நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றிக் கேட்பவர்களை ஒரே பார்வையில் வாயடைக்கத் தெரிந்தவள். இளையவள் தெல்ஃபீனா, முப்பதைத் தொடப் போகிறவள், பாடகி. அம்மா செத்தபோது தெல்ஃபீனாவுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து தலை வாரிவிட்டது, பாட்டு வாத்தியாரிடம் கூட்டிப் போனது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் அக்காதான். தங்கைக்குக் குரலைக் கொடுத்த கடவுள் ஞாபக சக்தியைக் கொடுக்க மறந்துவிட்டார். ராகம் ஒருமுறை கேட்டால் போதும், ஒட்டிக்கொள்ளும். வார்த்தைதான் நிற்காது. அதனால்தான் நெரீனா இந்தத் தொழிலுக்கே வந்தாள்.

தொழில் என்றால் கூட்டில் உட்காரும் தொழில். ஓபரா மேடையின் முன்விளிம்பில், நட்டநடுவில், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மரக்கூடு இருக்கும். நாய்க்கூண்டைவிடக் கொஞ்சம் பெரியது. மேடைக்கு அடியிலிருந்து ஏறி உட்கார்ந்தால் கண் மட்டும் மேடை மட்டத்துக்கு வரும். அங்கே உட்கார்ந்து, பாடுகிறவர் வாய் திறப்பதற்கு அரை நொடி முன்னால் அடுத்த வரியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். கூட்டத்துக்குக் கேட்கக் கூடாது, பாடகருக்குக் கேட்காமல் போகக் கூடாது. பதினோரு வருடமாக நெரீனா அடியெடுத்துக் கொடுக்கிறாள். கூட்டின் மேல்மூடி மறைப்பதால் மேடையில் முன்னால் வந்து நிற்பவர்களை அவள் முழங்காலுக்கு மேல் பார்த்ததில்லை. இத்தாலியின் பெரிய பெரிய குரல்களையெல்லாம் காலாணியையும் கிழிந்த காலுறையையும் வைத்தே அடையாளம் சொல்லுவாள்.

அரங்கின் பின்கதவைத் திறந்த காவலாளி எவரிஸ்தோ, வணக்கம் சொல்வதற்கு முன்பே தெல்ஃபீனாவின் கழுத்தைப் பார்த்து அலறினார்.

“முதல்ல அந்தத் துணியக் கழட்டும்மா! ஊதாக் கலர்ல எதையும் இந்தக் கதவுக்குள்ள விடமாட்டேன்!”

“இது ஊதா இல்லீங்க, கத்திரிக்கா கலர்.”

“கத்திரிக்காயோ திராட்சையோ, வெளியிலயே கெடக்கட்டும். நாடகக் கொட்டகைக்குள்ள ஊதா வந்தா வெளங்குமா?”

தெல்ஃபீனா சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாள். எவரிஸ்தோ அதைச் செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் வாங்கி வெளியே ஆணியில் மாட்டினார். பிறகு நெரீனாவின் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

“கூட்டுல உக்காரப் போறவங்க நீங்கதானா? வாங்க, புஸ்தகத்தக் குடுத்துடறேன். அது என் பொறுப்புல இருக்கறது எனக்குப் பிடிக்கல.”

*

அந்த அரங்கில் போடப் போகும் ஓபராவின் பெயர் ‘அல்பாரோசா’. ஆலைக்காரன் மகள் அல்பாரோசா காதலித்தவனால் ஏமாற்றப்பட்டு, மூன்றாம் அங்கத்தில் செத்துப் போவாள். இத்தாலிய ஓபராவில் கதாநாயகிக்கு வேறு வேலை என்ன? 1851-ல் தெயோபால்தோ கிரெஸ்பானி என்பவர் இதே ஊரில், இதே அரங்குக்காக எழுதியது. இங்கிருந்து மாந்துவா போய், மிலான் போய், பிறகு கப்பலேறி லிஸ்பன், புவெனஸ் அயர்ஸ் வரைக்கும் போனது. போன இடமெல்லாம் மூன்றாம் அங்கத்தில் ஒரு காட்சி இல்லாமலே போனது. அப்படி ஒரு காட்சி இருந்ததே பல பேருக்குத் தெரியாது. அச்சுப் புத்தகத்திலும் இல்லை. அதன் பாட்டு வரிகள் இருந்தது உலகத்திலேயே ஒரே பிரதியில்தான். கஸ்தெல்குவார்தோவின் கூட்டுக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருந்த பழைய பிரதி அது.

நெரீனா அதை மேஜைமேல் வைத்துப் புரட்டினாள். ஓரமெல்லாம் மெழுகுவர்த்திக் கறை, பென்சில் குறிப்பு, எவனோ வைத்த மதுக்கோப்பையின் வட்டம். மூன்றாம் அங்கத்தின் நடுவில் விரல் தடுக்கியது. எட்டுப் பக்கங்கள் மூன்று ஓரத்திலும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. சிவப்பு நூல். நெருக்கமான, கோபமான தையல்.

வேண்டாத பகுதியைத் தைத்து மூடுவது அந்தக் காலத்து வழக்கம்தான். தவறிப் போய்க் கூடப் பக்கம் திறந்துவிடக் கூடாதே என்று. ஆனால் இவ்வளவு நெருக்கமாக யாரும் தைத்து அவள் பார்த்ததில்லை.

பின்னட்டையின் உட்புறத்தில், ஓபரா மேடையேறிய ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருந்தார்கள். முதல் வரி இப்படி இருந்தது:

‘1851 பிப்ரவரி 9. முதல் காட்சி. மூன்றாம் அங்கம், கிணற்றடி. தவறு என்னுடையது. சக்காரியா.’

அடுத்த வரி: ‘பிப்ரவரி 11. தைத்துவிட்டேன்.’

அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் வெறும் தேதிகள். 1889-ல், வேறொரு கை: ‘தையலைப் பிரித்தோம்.’ அதற்கு இரண்டு நாள் கழித்து, அதே கை, ஆனால் எழுத்து நடுங்கியிருந்தது: ‘தைத்துவிட்டேன்.’ பிறகு மறுபடி வெறும் தேதிகள். 1923 ஜனவரியில் இன்னொரு கை: ‘தையலைப் பிரித்தோம்.’ இரண்டே நாள். ‘தைத்துவிட்டேன்.’

“இப்ப ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தேழு. மூணாவது தடவ,” என்றார் எவரிஸ்தோ. “நூறு வருஷமா யாரும் முழுசாக் கேக்காத காட்சின்னு பத்திரிக்கையில போட்டாச்சு. வாத்தியக் கோஷ்டிய நடத்தற மாஸ்ட்ரோ பெர்தாஞ்ஞாவுக்குத் தல கால் புரியல. வாத்தியக்காரங்களோட தாளெல்லாம் பரண்லேர்ந்து எடுத்தாச்சு. பாட்டு வரி இதுல மட்டும்தான் இருக்கு. கத்தரிக்கோல் குடுக்கவா?”

“நீங்க ஏன் வெட்டல?”

“நான் சாமானியன்மா. எனக்கு என் தொண்டை வேணும்.”

நெரீனா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மாதிரி ஆட்கள் எல்லா அரங்கிலும் ஒருவர் உண்டு. பேய்க்கதை சொல்லியே சம்பளத்தைச் செரிப்பார்கள். அவள் கத்தரிக்கோலை வாங்கி முதல் தையலை வெட்டினாள்.

நூல் ஈரமாக இருந்தது.

*

மேடையில் முதல் ஒத்திகை வெள்ளிக்கிழமை மதியம். பியானோ மட்டும். கிணற்றடிக் காட்சியில் அல்பாரோசா தனியாக வந்து, கிணற்றுக்குள் குனிந்து, செத்துப்போன தாயைக் கூப்பிட வேண்டும். நெரீனா கூட்டுக்குள் உட்கார்ந்து சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டாள். பிரித்த பக்கங்களில் ஒரு வரி மட்டும் அடிக்கப்பட்டு, மேலே வேறு வரி எழுதப்பட்டிருந்தது. பழையது, ‘அழை அம்மா, நான் வருகிறேன்.’ புதியது, ‘அழைக்கிறேன், எழுந்து வா.’

தெல்ஃபீனாவின் பழுப்பு நிறப் பூட்ஸ் மேடையின் நடுவுக்கு வந்து நின்றது. நெரீனா சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தங்கையின் குரல் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. என்னதான் சண்டை போட்டாலும் அந்தக் குரலைக் கேட்கும்போது நெரீனாவுக்குப் பெருமையில் கழுத்து நிமிரும்.

மூன்றாவது பக்கத்தில் பாசி வாடை அடித்தது.

நெரீனா நிமிர்ந்தாள். கூட்டுக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு கால்கள் நின்றன.

வெள்ளைச் சாட்டின் செருப்பு. கணுக்காலில் நாடா கட்டியது. நாடா நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. பாவாடையின் கீழ்விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிப் பலகை இடுக்கில் ஓடியது. பூட்ஸ் கால்கள் காலி இருக்கைகளைப் பார்த்து நின்றன. இந்தக் கால்கள் கூட்டை மட்டும் பார்த்து நின்றன.

மேடையில் தெல்ஃபீனாவைத் தவிர யாரும் இல்லை. அது நெரீனாவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த வரி வந்தது. தெல்ஃபீனா நிறுத்தினாள். அவள் சொல்லுக்காகக் காத்திருக்கிறாள். நெரீனா வாயைத் திறந்தாள். அப்போது மேடைமேல் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பாடத் தயாராகிறவர்கள் இழுக்கும் ஆழமான மூச்சு.

ஒன்றல்ல.

இரண்டு.

நெரீனாவின் நாக்கு அப்படியே நின்றுவிட்டது.

“என்ன நெரீனா, தூங்கறியா?” என்று மாஸ்ட்ரோ பெர்தாஞ்ஞா குச்சியால் மேஜையைத் தட்டினார். “பதினோரு வருஷத்துல ஒரு சொல்லக்கூட விட்டதில்லன்னு சொல்லித்தான் உன்னக் கூட்டிட்டு வந்தேன்.”

சாட்டின் செருப்பு இல்லை. பலகை மட்டும் நனைந்திருந்தது. தெல்ஃபீனா குனிந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, உடம்பு சரியில்லையா? ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்கே?”

“உன் பக்கத்துல யாராவது நின்னாங்களா?”

“யாரு நிப்பா? நீதான் கூட்டுக்குள்ள உக்காந்திருக்கியே,” என்று சிரித்தாள் தங்கை.

*

அரங்குக்கு எதிரே இருந்த புகையிலைக் கடைக்குத் தங்கையின் தொண்டைக்கு அதிமதுர மிட்டாய் வாங்கப் போனாள் நெரீனா. கடைக்காரி ஒத்தாவியாவுக்கு அறுபது வயது இருக்கும். நிமிர்ந்த முதுகு, அகன்ற மார்புக்கூடு. வாய் மட்டும் பேசாது. கல்லாப் பக்கத்தில் ஒரு சிலேட்டு வைத்திருந்தாள். நெரீனா எங்கே வேலை செய்கிறாள் என்று தெரிந்ததும் கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

சிலேட்டில் எழுதினாள்: ‘1923. அல்பாரோசா நான்தான்.’

நெரீனா மிட்டாயைக் கீழே வைத்தாள்.

ஒத்தாவியா எழுதி எழுதி அழித்தாள். சிலேட்டுக்குச்சி கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. முதல் காட்சியன்று காலையில் கிரெஸ்பானிக்கு அந்த ஒரு வரி பிடிக்காமல் போய், மாற்றி எழுதி, பாடகி எர்சிலியாவின் கையில் கொடுத்திருக்கிறார். கூட்டுக்காரன் சக்காரியாவிடம் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். மேடையில் எர்சிலியா புது வரிக்குத் தயாராக நிற்க, சக்காரியா பழைய வரியை எடுத்துக் கொடுத்தான். அவள் தடுமாறினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, மறுபடியும் கொடுத்தான். மூன்றாவது தடவை சத்தமாகவே கொடுத்தான். அவளுக்கு இரண்டு வரியுமே போய்விட்டன. மேல்மாடத்துக் கூட்டம் சீட்டி அடிக்க ஆரம்பித்தது. அந்த ஊரில் சீட்டி அடித்தால் கொண்டாட்டம் இல்லை. முகத்தில் காறித் துப்புவதற்குச் சமம்.

எர்சிலியா பின்கதவு வழியாக மேடை உடுப்போடு மூடுபனிக்குள் நடந்து போனாள். வாய்க்காலில் மூன்றாம் நாள் கிடைத்தாள்.

‘அவள் இன்னும் அந்தச் சொல்லுக்காக நிற்கிறாள்,’ என்று எழுதினாள் ஒத்தாவியா. ‘கூட்டிலிருந்து யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். பாட அவளுக்குத் தொண்டை இல்லை. என்னுடையதை எடுத்துக்கொண்டாள்.’

“எவ்வளவு நேரத்துக்கு?”

ஒத்தாவியா அவளைப் பார்த்தாள். சிலேட்டைத் திருப்பிப் போட்டு ஒரே வார்த்தை எழுதினாள்: ‘எண்ணிப்பார்.’

முப்பத்து நாலு வருடம். நெரீனா மிட்டாயை எடுக்காமலே வெளியே வந்தாள்.

*

விடுதி அறையில் அன்று சாயங்காலம் பெரிய சண்டை. பூசணிக்காய் அடைத்த தோர்தெல்லிக் கொழுக்கட்டை தட்டில் ஆறிப்போனது.

“அந்தக் காட்சி வேண்டாம். மாஸ்ட்ரோகிட்ட நான் பேசறேன்,” என்றாள் நெரீனா.

“பேசு. நாளைக்கே பொலோன்யாவுலேர்ந்து வேற ஒருத்தி பெட்டியோட வந்து எறங்குவா. பதினோரு வருஷமா நான் என்ன பண்ணேன்? வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, மூணாவது சூனியக்காரி! இப்பத்தான் ஒருத்தன் என்ன நடுவுல நிக்கச் சொல்றான்.”

“உன் குரல் போயிடும்டீ.”

“பேய் வந்து தூக்கிட்டுப் போயிடுமா? புகையிலைக்காரி எழுதிக் காட்டினாளாம், இவ நம்பிட்டு வந்துட்டா! பாடாம வீட்ல உக்கார்றதுக்கு ஊமையாவே போறேன், போ!”

சொல்லிவிட்டு அழுதாள். நெரீனாவும் அழுதாள். பிறகு இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு ஆறின தோர்தெல்லியைச் சாப்பிட்டார்கள். கோபத்தில் சோற்றை வீணாக்கும் குடும்பம் இல்லை அது.

நெரீனா ஒரு வழி கண்டுபிடித்தாள். சொல்லைக் கூட்டிலிருந்து கொடுத்தால்தானே எர்சிலியா வாங்கிக்கொள்வாள்? கொடுக்கவே வேண்டாம். அந்த எட்டுப் பக்கத்தையும் தெல்ஃபீனா மனப்பாடம் செய்துவிட்டால், கூட்டுக்காரி வாயை மூடிக்கொண்டு உட்காரலாம்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் தங்கையை அவள் உட்கார விடவில்லை. பல் தேய்க்கும்போது, ரொட்டி வாங்கப் போகும்போது, பூசைக்குப் போகிற வழியில், எல்லா நேரமும் கிணற்றடிதான். கிறிஸ்துமஸ் வருவதற்குள் தெல்ஃபீனா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எட்டுப் பக்கத்தையும் ஒப்பிப்பாள். ஒத்திகைகளில் நெரீனா அந்தக் காட்சிக்கு மட்டும் புத்தகத்தை மூடிவைத்தாள். செருப்புகள் வந்து நின்றன. காத்திருந்தன. போய்விட்டன.

ஒவ்வொரு தடவையும் கூட்டுக்கு ஒரு விரற்கடை கிட்டத்தில் வந்து நின்றன. அதை அவள் தங்கையிடம் சொல்லவில்லை.

*

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மதியக் காட்சி. மூன்று மணிக்குத் திரை. ஊர் முழுவதும் அரங்கில் இருந்தது. மேல்மாடத்தில் வெங்காயமும் மதுவும் ஈரக் கம்பளிக் கோட்டும் மணத்தன. கூட்டுக்குப் போவதற்கு முன் நெரீனா தங்கையின் கையைப் பிடித்தாள். மேடைக்குப் போகிறவரிடம் நல்வாழ்த்துச் சொன்னால் கெட்டது நடக்கும். ஓநாயின் வாய்க்குள் போ என்றுதான் சொல்ல வேண்டும்.

“ஓநாய் வாய்க்குள்ள போடீ.”

“ஓநாய் சாகட்டும்,” என்றாள் தெல்ஃபீனா. “அக்கா, ஒருவேள மறந்துட்டேன்னா...”

“மறக்க மாட்டே.”

“மறந்துட்டேன்னா குடுப்பியா?”

நெரீனா தங்கையின் கையை விட்டாள். மணி அடித்துவிட்டது.

முதல் இரண்டு அங்கமும் நெய்யில் வழுக்கிக்கொண்டு போயின. மேல்மாடம் இரண்டு தடவை கத்திக் கொண்டாடியது. மூன்றாம் அங்கம் தொடங்கியதும் வெளியே இருட்டிவிட்டது. கதவிடுக்கு வழியாக மூடுபனி கொஞ்சம் உள்ளே வந்து விளக்குகளைச் சுற்றி நின்றது. கிணற்றடிக் காட்சி. நெரீனா புத்தகத்தை மூடினாள். இரண்டு கையாலும் அதன்மேல் அழுத்திக்கொண்டாள்.

தெல்ஃபீனா பாட ஆரம்பித்தாள். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். ஒரு சொல் தவறவில்லை.

பாசி வாடை.

செருப்புகள் கூட்டின் வாசலிலேயே நின்றன. கையை நீட்டினால் தொடலாம். தண்ணீர் கூட்டுக்குள் சொட்டி, மூடிய புத்தகத்தின்மேல் விழுந்தது.

அந்த வரி வந்தது.

தெல்ஃபீனா நிறுத்தினாள்.

வாத்தியங்கள் அடங்கின. இதெல்லாம் எழுதியபடிதான். ஒரு மூச்சு நேரம் மௌனம் இருக்க வேண்டும், பிறகு அவள் தனியாகப் பாட வேண்டும். ஒரு மூச்சு நேரம் போனது. இரண்டு போனது. பூட்ஸ் கால்கள் ஓரடி பின்வாங்கின.

மறந்துவிட்டாள்.

மேல்மாடத்தில் ஒருவன் இருமினான். இன்னொருவன் நாற்காலியை இழுத்தான். நெரீனா பல்லைக் கடித்துக்கொண்டாள். கூட்டில் உட்காருகிறவர்களுக்கு மௌனம்தான் எதிரி. மௌனம் வந்தால் நாக்கு தானாகச் சொல்லைக் கொடுத்துவிடும். அது அவர்களுடைய ரத்தத்தில் ஊறியது. நெரீனா கையால் வாயைப் பொத்தினாள்.

சாட்டின் செருப்புகள் அசைந்தன. ஈரப்பாவாடை மெல்லக் கீழே இறங்கியது.

குனிகிறாள்.

முழங்கால் பலகையைத் தொட்டது. விரல்கள் கூட்டின் விளிம்பைப் பிடித்தன. பிறகு முகம் வந்தது. தண்ணீரில் மூன்று நாள் கிடந்த முகம். கண்கள் கெஞ்சின. வாய் திறந்திருந்தது, உள்ளே இருட்டு.

“சொல்லு,” என்றது.

முதல் சீட்டி மேல்மாடத்திலிருந்து வந்தது. கூர்மையாக, நீளமாக. அதைத் தொடர்ந்து இன்னொன்று.

“அக்கா,” என்று மேலே தெல்ஃபீனா முணுமுணுத்தாள். ஏழு வயதில் இருட்டில் கூப்பிட்ட அதே குரல். “அக்கா, குடு.”

கொடுத்தால் தங்கையின் தொண்டை போகும். கொடுக்காவிட்டால் தங்கையே போவாள். பின்கதவும் மூடுபனியும் வாய்க்காலும் இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கின்றன.

நெரீனா கையை எடுத்தாள். அவள் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை.

பாடினாள்.

வாழ்க்கையில் ஒரு வரிகூட உரக்கப் பாடியிராதவள், கூட்டுக்குள்ளிருந்து, அந்த முகத்தைப் பார்த்தபடியே, முழுக் குரலில் பாடினாள். அழைக்கிறேன், எழுந்து வா. கரகரப்பான, சமையலறைக் குரல்தான். கிணற்றுக்குள்ளிருந்து தாய் பதில் சொல்வதாகக் கூட்டம் நினைத்துக்கொண்டது. சீட்டி அப்படியே நின்றது. கடைசிச் சொல்லில் நெரீனாவின் தொண்டைக்குள் குளிர்ந்த தண்ணீர் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

எதிரே இருந்த முகம் வாயை மூடியது. சிரித்தது போலவும் இருந்தது.

தெல்ஃபீனாவுக்கு அடுத்த வரி ஞாபகம் வந்துவிட்டது. அவள் எடுத்துப் பாடியபோது அரங்கமே எழுந்து நின்றது. திரை விழுந்த பிறகும் கால்மணி நேரம் கத்தினார்கள். பூ எறிந்தார்கள். மாஸ்ட்ரோ அழுதார். தெல்ஃபீனா மேடைக்கு அடியில் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

“என்ன அக்கா பண்ணே நீ! யாருக்குமே சந்தேகம் வரல! பேசு அக்கா! ஏதாவது பேசு!”

நெரீனா வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் வந்தது.

*

மறுநாளே நெரீனா எட்டுப் பக்கத்தையும் தைத்தாள். நூல் அறுந்துபோகும் அளவுக்கு இழுத்து இழுத்துத் தைத்தாள். பின்னட்டையில் எழுதினாள்: ‘தைத்துவிட்டேன்.’ மாஸ்ட்ரோவுக்கு ஏமாற்றம். ஆனால் கூட்டுக்காரி ஊமையான கதை வாத்தியக்காரர்களுக்குள் பரவி, அந்தக் காட்சியை வாசிக்க ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் காட்சி இல்லாமலே ஓபரா தொடர்ந்து நடந்தது. டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். நெரீனாவுக்குத் துக்கம் இருந்தது, ஆனால் வருத்தம் இல்லை. கூட்டில் உட்கார்ந்தவள் எப்போதும் தங்கைக்காகத்தான் பேசினாள். இனி தங்கை பாடினால் போதும்.

அவள் பார்மாவுக்குத் திரும்பி வீட்டில் உட்கார்ந்தாள். தெல்ஃபீனா மட்டும் கஸ்தெல்குவார்தோவில் தங்கி மீதிக் காட்சிகளைப் பாடினாள். புதிதாகக் கூட்டுக்கு யாரைப் போட்டிருக்கிறார்கள் என்று நெரீனா கடிதத்தில் கேட்டாள். தங்கை கடிதத்துக்குப் பதில் எழுதும் ரகம் இல்லை.

ஜனவரியின் மூன்றாவது திங்கட்கிழமை மதியம் தெல்ஃபீனா வீட்டுக்கு வந்தாள். கன்னம் சிவந்து, கண் மின்னி, பேச்சு நிற்காமல் வந்தாள். நெரீனா அடுப்பில் சூப்பை வைத்துவிட்டு, மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஒரு சொல்லு மறக்கல அக்கா! ஆறு காட்சி, ஒரு சொல்லு! மாஸ்ட்ரோ ஆச்சரியப்படறார். கூட்டுல ஆளே போடல, செலவு மிச்சம்னு சொல்றார். அவருக்கென்ன தெரியும்?” தெல்ஃபீனா கண்ணைச் சிமிட்டினாள். “நீ ஊருக்குப் போயிட்டேன்னு நெனச்சு முதல் நாள் நான் பயந்து நடுங்கிட்டு நின்னேன். கூட்டுலேர்ந்து நீ எடுத்துக் குடுத்தே பாரு, அப்பத்தான் உசிரே வந்துச்சு. இவ்வளவு நல்லாப் பேசறவ வீட்ல மட்டும் ஏன் அக்கா ஊமையா இருக்கே? என்மேல கோவமா?”

நெரீனா அசையவில்லை.

அவள் கஸ்தெல்குவார்தோவை விட்டு வந்து மூன்று வாரமாகிறது.

“நீ கேட்ட மாதிரியே செஞ்சுட்டேன்,” என்று தெல்ஃபீனா பையைத் திறந்து, பழைய பிரதியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் ஒரு கைப்பிடி சிவப்பு நூலை வைத்தாள். துண்டு துண்டாக வெட்டிய நூல். “எல்லாத் தையலும் பிரிச்சாச்சு. மாஸ்ட்ரோகிட்டயும் பேசிட்டேன். வாத்தியக்காரங்களையும் அவர் சரிக்கட்டிட்டார். வர்ற ஞாயித்துக்கிழம கிணத்தடிய முழுசாப் பாடறேன். இந்தத் தடவ நீ பாட வேண்டாம், எனக்கே எடுத்துக் குடுத்துடு.”

நூலிலிருந்து தண்ணீர் மேஜைத் துணியில் ஊறிப் பரவியது.

நெரீனா பென்சிலைத் தேடினாள். ரொட்டி சுற்றி வந்த காகிதத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள்: ‘அது நான் இல்லை.’ எழுதித் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். மேஜையைத் தட்டினாள்.

தெல்ஃபீனா காகிதத்தைப் பார்க்கவில்லை. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சமையலறைக் கதவின் பக்கம் திரும்பி, யாரோ மெதுவாகச் சொல்வதைக் கேட்பது போல இருந்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

“சரி அக்கா,” என்றாள், கதவைப் பார்த்து.